சுவருக்கு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

காசு கேட்கிற வேலையில் முதல் விதி, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. இரண்டாவது விதி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை முகத்தில் இருக்கிற சிரிப்பை இறக்காமல் வைத்திருப்பது. கோயில் கமிட்டிக்கோ, தெருவில் கேமரா மாட்டுவதற்கோ, ஆபீஸில் ஓய்வு பெறுகிறவருக்கு மோதிரம் வாங்குவதற்கோ நீங்களும் ஒரு தடவையாவது இப்படிப் போய் நின்றிருப்பீர்கள். நம்மைத் தூரத்தில் பார்த்ததும் ஒருவர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாரே, அந்த நேரத்தில் நம் முகம் எப்படிப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே உங்களிடம் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

என் விஷயத்தில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. நான் காசு கேட்பது பணக்காரப் பள்ளிக்காக. புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு மூன்று தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூணுமாக, வெளியூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிற பள்ளி. அதற்கென்று கடைத்தெருவில் ஒரு வரிசைக் கடைகள் சொத்தாக இருப்பது ஊருக்கே தெரியும். அங்கே பல வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொண்டை கெட்டு, இனி வகுப்பில் கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ‘வளர்ச்சி அலுவலர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்து நன்கொடை திரட்ட அனுப்பினார்கள். கத்தக் கூடாது, கெஞ்சலாம் என்று அர்த்தம்.

இந்தப் பள்ளியின் பின்பக்கத்தில், சைக்கிள் ஷெட்டை ஒட்டி, காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கதிர்காமத்து ஆட்டோக்காரர் பையன் என்று ஏழெட்டுப் பேர் படிக்கிறார்கள். ஆசிரியர் ஒரே ஒருவர், மரியா. அவருடைய சம்பளத்தை வெளிநாட்டில் இருந்த ஒரு சின்ன அமைப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது, அமைப்பை மூடிவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் அடுத்த கல்வியாண்டு முழுவதற்கும் மரியாவின் சம்பளத்துக்கு வழி பிறந்தால் வகுப்பு இருக்கும், பிறக்காவிட்டால் இருக்காது என்று நிர்வாகக் குழு என்னிடம் சொன்னது. அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்கள். அதனால் நான் சண்டை போடவும் முடியவில்லை.

அந்த வகுப்பில் ஆயிஷா என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்துவிட்டார்கள். ஆனால் கருவி ஓசையைத்தான் கொடுக்கும். கேட்பது நாய் குரைப்பதா, அம்மா கூப்பிடுவதா, குழாயில் தண்ணீர் விழுவதா என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அதுவும் சின்ன வயதிலேயே வேண்டும். வயது போய்விட்டால் கருவி காதில் இருக்கும், பேச்சு வருவது அரிது. ஆயிஷாவுக்கு அப்போதுதான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல வர ஆரம்பித்திருந்தது.

இரண்டு கோட்

முதலில் போனது பெயின்ட் கடை முதலாளியிடம். தெரிந்தவர், நல்லவர், அவருடைய இரண்டு பெண்களும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். உட்காரவைத்து, ஃபேனை என் பக்கம் திருப்பி, டீ வரவழைத்தார். நான் வகுப்பைப் பற்றிச் சொன்னேன், மரியாவைப் பற்றிச் சொன்னேன், ஆயிஷாவைப் பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எங்கள் பள்ளிக்குப் போன பில்லை எடுத்துவரச் சொன்னார்.

அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பள்ளிச் சுவருக்கு மஞ்சள் அடிக்கிறோம். அவர் கடைப் பெயின்ட்தான். கட்டடத்துக்கு வருகிற பணம் வேறு, ஆசிரியருக்கு வேண்டிய பணம் வேறு என்று விளக்கிப் பார்த்தேன். ஒரே பாக்கெட்டில் வலது பக்கம் இடது பக்கம் உண்டா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே இருந்து பார்க்கிறவருக்குப் பள்ளி என்றால் சுவர்தானே தெரியும். டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மரியாதையாகத்தான் சொன்னார்: “மிஸ், உங்க ஸ்கூலுக்கு இந்த வருஷமும் ரெண்டு கோட்டு போச்சு. எங்க வீட்டுக்கு நான் ஒரு கோட்டுதான் அடிச்சேன். இப்ப யாரு யாருக்குக் குடுக்கணும், நீங்களே சொல்லுங்க.”

சைகோன்காரர் போட்ட பூட்டு

கட்டடத்துக்கு மட்டும் என்று அந்தப் பணத்துக்குப் போட்ட பூட்டைத் திறக்க முடியுமா என்று பார்க்க, பள்ளி அறக்கட்டளையின் மூத்த உறுப்பினரான வக்கீலிடம் போனேன். பிரெஞ்சுச் சட்டம் படித்த பழைய மனிதர். ஊரே என்னை ‘மிஸ்’ என்றால் அவருக்கு மட்டும் நான் ‘மதாம்’. பள்ளியை ஆரம்பித்தவர் வியட்நாமின் சைகோனில் வியாபாரம் செய்து சம்பாதித்துத் திரும்பியவர். கடைகளின் வாடகை கட்டடப் பராமரிப்புக்கும், பிரெஞ்சுக் கவிதை ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஆண்டுப் பரிசுக்கும் மட்டுமே போக வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சம்பளமாக ஒரு காசு போகக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்.

அப்படி ஏன் எழுதினார் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் வேறொரு பள்ளியில் நிர்வாகிகள் தங்கள் மச்சான், மருமகன் எல்லோரையும் வேலைக்கு வைத்துச் சொத்தைச் சம்பளமாகவே தின்று தீர்த்தார்களாம். கண்ணால் பார்த்த மனிதர் பயந்துபோய்ப் பூட்டு போட்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபப்படத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கோர்ட்டுக்குப் போய் மாற்றலாமா என்றேன். மாற்றலாம், ஆனால் அது முடிகிறபோது உங்கள் ஆயிஷாவுக்குக் கல்யாண வயது வந்திருக்கும் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “உயிரோட இருக்குறவன்கிட்ட எப்படியாவது பேசி ஒரு வழிக்குக் கொண்டாந்துடலாம் மதாம். செத்துப்போனவர் சொன்ன சொல்லுல நிப்பாரு.”

பேர் எழுத ஓர் இடம்

பழைய மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். தலைவன் செந்தில், ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான், என்னிடம் படித்தவன். குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றைப் பள்ளிக்குத் தரப்போவதாகச் சொன்னார்கள். எங்களிடம் அந்த மெஷின் ஏற்கெனவே மாடிக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு வருஷத்து மாணவர்களின் உபயம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயிலில் டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் பாதி, பெயர் பாதி என்று எழுதிவிடுவோம். எங்கள் வகுப்பறைகளில் மின்விசிறி இறக்கைகளில்கூடப் பெயர் இருக்கிறது, சுற்றும்போது யாருக்கும் தெரியாது என்றாலும்.

மெஷின் வேண்டாம், அதற்குப் பதிலாக மரியா டீச்சர் சம்பளத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனசு இல்லாதவர்கள் இல்லை. கதிர்காமத்துப் பையனின் காதுக் கருவி பேட்டரிச் செலவை ரகசியமாக ஏற்றுக்கொண்டவன் இதே செந்தில்தான். ஆனால் இருபது பேரிடம் வசூலித்துவிட்டு, இதோ பாருங்கள் என்று காட்ட ஒரு பொருள் வேண்டும் அவனுக்கு. சம்பளம் என்பது மாத முதல் தேதி வந்து பத்தாம் தேதி காணாமல் போகிற சமாச்சாரம். அதை எங்கே நிறுத்திவைத்து ரிப்பன் வெட்டுவது? என்னைப் புண்படுத்தக் கூடாதே என்ற கவலையோடு கேட்டான்: “பேரை எங்க மிஸ் எழுதறது, டீச்சர் முதுகுலயா?”

சாத்திய கதவு

டிசம்பரில் பாரீசிலிருந்து அந்துவான் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தக் குடும்பங்களை ஊரில் சொல்தா வீடு என்பார்கள். குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் இங்கே வந்துவிடுவார். கொடுக்கிற கை. அவரைப் பள்ளிக்கு அழைத்துவந்தவர் எங்கள் நிர்வாகச் செயலாளர். வகுப்பைக் காட்டுங்கள், அந்தக் குழந்தை பேசுவதை அவர் ஒரு தடவை கேட்கட்டும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார் என்று என்னிடம் கிசுகிசுத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்று பேரும் போய் நின்றபோது உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. மரியா கையால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு ஆயிஷா அந்தப் பொம்மையை எடுக்க வேண்டும். எங்கள் செருப்புச் சத்தத்தில் அவள் திரும்பிவிட்டாள். செயலாளர் குனிந்து, பெயர் சொல்லு பாப்பா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு என்றார். ஆயிஷா அவரையே பார்த்தாள். மரியா எழுந்து வந்தார், மணி அடிக்கும்வரை காத்திருங்கள் என்று மூவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தன் சம்பளத்தைக் கொடுக்க வந்தவரின் முகத்துக்கு நேராக.

அந்துவான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். செயலாளருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. மணி அடித்த பிறகு நான் தனியாகப் போய், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே மரியா, உங்களுக்காகத்தானே இவ்வளவும் என்றேன். அவர் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “போன மாசம் வந்தவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிச் சொல்லி, இப்ப யாராவது உள்ள வந்தாலே அவ வாயை மூடிக்கறா மிஸ். அவ பேசுறது அவளுக்காக. நம்ம ரசீதுக்காக இல்ல.”

ஓசை புகாத அறை

மாசி மாதத்தில் பள்ளிக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. சம்பளம் தர முடியாவிட்டாலும் கட்டடத்துக்குச் செய்யலாமே என்று வக்கீல் அறக்கட்டளையில் பேசி, மரியாவின் வகுப்பறையைப் புதுப்பித்துக் கொடுத்தார். தெருச் சத்தம் உள்ளே வராதபடி சுவருக்கு மெத்தை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, தரைக்குக் கனமான விரிப்பு, ஏ.சி. உள்ளே நின்றால் நம் மூச்சே நமக்குக் கேட்கும். காதுக் கருவி போட்ட பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த அறை இந்த வட்டாரத்தில் கிடையாது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அதே வாரத்தில் மரியாவுக்குச் சென்னையில் ஒரு பெரிய பள்ளியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் அதை மறைக்கவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. கணவர் இல்லாதவர், வாடகை வீடு, பையன் பத்தாவது படிக்கிறான். இருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாவி வாங்கப் போனேன். வேலையை முடித்த காண்ட்ராக்டர் பெருமையோடு கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினார். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துச் சந்தேகத்தோடு கேட்டார்: “ரூம் ஃபுல்லா ரெடி மேடம். டீச்சர் எப்ப வர்றாங்க?”

ஐந்தாம் நாள்

பங்குனித் திருவிழாவுக்கு என் தங்கை இழுத்துக்கொண்டு போனாள். சாமி புறப்பாடு. கூட்டத்துக்கு நடுவில் தலையில் பரிவட்டம் கட்டி, சட்டை இல்லாமல், வேர்வை வழிய நின்றது எங்கள் செந்தில். அன்றைக்கு ஐந்தாம் நாள். பத்து நாள் திருவிழாவில் ஐந்தாம் நாள் உபயம் அவர்கள் குடும்பத்துடையது. பூ, விளக்கு, மேளம், பிரசாதம் எல்லாம் அன்றைக்கு அவர்கள் செலவு. மறுநாள் அந்தப் பூ வாடி, பிரசாதம் தீர்ந்து, காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் செந்தில் அப்பா காலத்திலிருந்து அந்த நாளை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் வரிசையை விட்டு விலகி அவன் பக்கத்தில் போய் நின்றேன். கல்லிலோ மெஷினிலோ பேர் எழுதாமலே நீ வருஷா வருஷம் இவ்வளவு செலவு பண்ணுகிறாயே என்றேன். அது வேற மிஸ், நாள் எங்களுது இல்லையா என்றான். அப்படியானால் உனக்கு ஒரு மாதம் தருகிறேன் என்றேன். மரியா டீச்சரின் ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற வார்த்தையெல்லாம் உங்கள் வீட்டு உபயம். அடுத்த வருஷமும் அந்த மாதம் உங்களுடையதுதான், வேறு யார் கேட்டாலும் தர மாட்டேன். மேளச் சத்தத்தில் அவனுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. என் தொண்டையும் அதற்குமேல் ஒத்துழைக்கவில்லை. சாமி எங்களைத் தாண்டிப் போகும்வரை கை கூப்பி நின்றான். பிறகு திரும்பி, “ஆகஸ்ட் குடுங்க மிஸ், எங்கப்பா பொறந்த மாசம். வேற யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?” என்றான்.

மே மாதம்

அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. செந்திலே போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆள் பிடித்தான். பெயின்ட் கடை முதலாளி ஜனவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அவருக்கு வியாபாரம் நடக்கிற மாதம். வக்கீல் தன் சொந்தப் பணத்தில் ஜூலையை எடுத்தார், பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய நாள் கொடியேற்றத்தை இன்றுவரை விடாதவர். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்துவான், தான் ஊரில் இருக்கிற டிசம்பர்தான் வேண்டும் என்று பாரீசிலிருந்து செய்தி அனுப்பினார். இரண்டு பேர் அக்டோபருக்காக மனஸ்தாபப்பட்டார்கள். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு மாதம்தான் மிச்சம், மே. அதை யாரும் தொடவில்லை. லீவு மாதத்தில் பள்ளிக்கூடமே இல்லை, யாருக்கு எதை உபயம் செய்வது என்று எல்லோரும் கேட்டார்கள். பதினோரு மாதச் சம்பளத்தில் ஆளை வைக்க முடியாது, மற்ற ஆசிரியர்களுக்கு மே சம்பளம் உண்டு, அவருக்கு மட்டும் இல்லை என்றால் அது அவமானம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மரியா அடுத்த நாள் சென்னைக்குப் பதில் எழுத வேண்டும்.

அன்று மத்தியானம் ரஃபீக் பாய் வந்தார். ஆயிஷாவின் அப்பா, முல்லா வீதிப் பக்கம் சின்னத் தையல் கடை. மே மாதச் சேதி அவருக்கு எப்படிப் போனதென்று நான் கேட்கவில்லை. அந்த மாதத்தைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வகுப்பில் பெற்றோரிடம் ஒரு ரூபாய் வாங்குவதில்லை பாய், அதுதான் இங்கே விதி என்றேன். மே மாதத்தில்தானே பள்ளிச் சீருடை தைத்து நீங்கள் வருஷத்துக்குச் சம்பாதிப்பது, அதையும் கொண்டுவந்து இங்கே கொட்டினால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கையில் துணி அளக்கிற டேப்பைச் சுருட்டி விரித்து, சுருட்டி விரித்துக்கொண்டே நின்றார். போன வருஷம் மே மாதம் முழுக்க மரியா டீச்சர் யாரும் சொல்லாமலே காலையில் வந்து ஆயிஷாவோடு உட்கார்ந்ததை எனக்கு நினைவுபடுத்தினார். ஒரு மாதம் விட்டால் சேர்த்த வார்த்தையெல்லாம் போய்விடும் என்று டீச்சர் சொன்னாராம். அந்த வருஷம்தான், கடையில் மெஷினை நிறுத்திய ஒரு நேரத்தில், பின்னாலிருந்து அவள் முதல் தடவையாக அவரை ‘அத்தா’ என்று கூப்பிட்டிருக்கிறாள்.

சொல்லி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. விதியைப் பற்றி நான் மறுபடி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “லீவு ஸ்கூலுக்குத்தான் மிஸ். எம் பொண்ணு பேசுறதுக்கு லீவு இல்ல.”

மே மாதத்தை பாய் பேரில் எழுதி, வகுப்பு நடக்கும், மரியா சென்னைக்குப் போகவில்லை என்ற நல்ல செய்தியை நிர்வாகக் குழுவிடம் அன்றே சொல்லிவிட்டேன், இவ்வளவு வசதியான பள்ளி கடைசியில் ஒரு தையல்காரரின் மே மாதத்தில் நிற்கிறது என்பதை மட்டும் எந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.